வூட்டுச்சொல்

பெரம்பலூரில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இளம் ஆசிரியைகள் மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு நடத்தச் சொல்லியிருக்கிறார்களாம். "இந்தப் பக்கத்துல முதல்ல நடத்துனது நீங்கதானாமே மேடம், அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று ஐஸ் வைத்தார்கள். ஓய்வு பெற்ற மனுஷிக்கு ஐஸ் வைக்க யார் வருகிறார்கள்? உடனே ஒப்புக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என் பாங்க் அட்டையின் ரகசிய எண் பத்து வருடம் எங்கள் வீட்டு அரிசி டிரம் மூடியின் உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் உலை வைத்த அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். அப்படிப்பட்டவள்தான் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ரகசியம் காக்கக் கற்றுக்கொடுத்தேன். கட்டுரையை இதற்கு மேலும் படிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் சார்ட் பேப்பரில் ஆப்பிள் வரைந்தேன், விடுதி உப்புமாவைத் திட்டினேன், பாஸ் செய்தேன். முதல் வேலை அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டை ஒட்டிய பள்ளியில். அங்கே நான் நடத்திய முக்கியமான பாடம் ரோட்டைக் கடப்பதுதான். தினமும் சாயங்காலம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "வலது பாரு, இடது பாரு, மறுபடி வலது பாரு" என்று கத்திக் கத்தி என் தொண்டை லாரி ஹாரனுக்குச் சமமாகிவிட்டது. பிறகு குன்னத்தில் சில வருடம். கடைசியாக லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. முப்பத்து மூன்று வருடத்தில் கோபம் குறையவில்லை, குரலும் குறையவில்லை.

கொரோனா வந்தபோது பாடமெல்லாம் போனுக்குள் போனது. பள்ளி திறந்ததும் பாடம் திரும்பி வந்துவிட்டது, போன் மட்டும் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது. அதிலும் எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பாக்கள் சவுதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்களோடு பேச வீட்டுக்கு ஒரு நல்ல போன் இருக்கும். அதைத் திறக்க, மூட, படம் பார்க்க, செட்டிங்கை மாற்ற எல்லாவற்றுக்கும் அம்மாக்கள் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவுக்கு அவருடைய தம்பியின் குரலிலேயே ஒரு போன் வந்தது. "அக்கா, உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லு" என்றது குரல். அவரும் படித்துச் சொல்லிவிட்டார், பாங்கில் இருந்த பணம் போய்விட்டது. தம்பியைக் கேட்டால் அவன் பேசவே இல்லை. குரலையே செய்துவிடுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அரியலூர் ரோட்டில் லாரியாவது கண்ணுக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை தோறும் சத்துணவுக்குப் பிறகு இருபது நிமிடம் என்று பாடத்தைத் தொடங்கினேன். பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, பூப்போட்ட துண்டு போர்த்திக்கொண்டு. இணையம் வேண்டுமென்றால் போனைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். ஆகவே இணையம் இல்லாமலேயே இணையத்தை நடத்தினேன்.

முதல் பாடம் சீட்டு. ஒரு சீட்டில் என்னுடைய ரகசியம் ஒன்றையே எழுதினேன்: 'டீச்சருக்குப் பல்லி என்றால் பயம்.' அதை மடித்து முதல் பெஞ்சில் இருந்த கவினிடம், "உனக்கு மட்டும்தான், யாருக்கும் காட்டாதே" என்று கொடுத்தேன். கவின் மக்காச்சோளக் காட்டுக்காரர் மகன், வகுப்பின் வானொலி நிலையம். பத்து நிமிடத்தில் சீட்டு கடைசி பெஞ்சுவரை போய் என் மேஜைக்குத் திரும்பியது. எல்லோர் முன்னாலும் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். "அழிச்சாச்சு. இப்ப யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு கையும் மேலே போயின. போனில் அனுப்பியதை அழித்தாலும் அழியாது என்று விளக்கினேன். மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ரப்பர் பல்லி படுத்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் சத்துணவு ஆயா கரண்டியோடு ஓடிவந்தார். பாடம் நன்றாகப் பதிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது பாடம்தான் சிரமம். தெரியாதவர்களிடம் பேர், ஊர், அப்பா பேர் சொல்லக் கூடாது. எழுதிப்போட்டால் ஒரு வரி. ஆனால் எங்கள் ஊர்களில் தெருவில் நடக்கும் பிள்ளையைப் பெரியவர்கள் யார் பார்த்தாலும், "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்பார்கள். பிள்ளை நின்று, அப்பா பேர், தெரு, எந்த வகையில் யாருக்கு உறவு என்பதுவரை சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளைக்கு மரியாதை தெரியாது என்று பேர் வந்துவிடும். அந்த மரியாதையைப் போனில் மட்டும் கழற்றி வைக்கச் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மூன்றாவது பாடம் கடவுச்சொல். பலகையில் பெரிதாக எழுதினேன். இந்தச் சொல் இருந்தால்தான் கதவு திறக்கும், இதை யாருக்கும் சொல்லக் கூடாது, ஆளுக்கு ஒன்று யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள், இந்த ஒரு முறை நான் பார்த்துவிட்டுக் கிழித்துவிடுவேன் என்றேன். மறுநாள் சீட்டுகளைப் பிரித்தேன். முதல் சீட்டில் மாரியம்மன். அடுத்தது ஐயனார். அதற்கடுத்தது செல்லியம்மன். மறுபடி மாரியம்மன். பிரிக்கப் பிரிக்கச் சாமிகளாகவே வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன்டா எல்லாரும் சாமி பேரா எழுதியிருக்கீங்க?"

"நீங்கதானே டீச்சர் கடவுள் சொல்லுன்னீங்க" என்றான் கவின். "எங்கம்மாவும் சரின்னுச்சு. கொலசாமி பேரச் சொன்னா எந்தக் கதவும் தொறக்குமாம்."

ஊரில் யாருக்கு எது குலசாமி என்பது ஊருக்கே தெரியும். இதைவிட எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய ரகசியம் உலகத்தில் வேறில்லை. ஒரே ஒரு சீட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. அது ஷிஃபாவுடையது. ஒல்லியான பெண், இரட்டைப் பின்னல், எதையும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துத்தான் பேசுவாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"எனக்குச் சந்தேகமா இருந்துச்சு டீச்சர். அல்லாஹ் பேர அஞ்சு வேளையும் மைக்லயே சொல்றாங்க. அப்புறம் அது எப்படி ரகசியமாவும்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். கடவு என்றால் வழி, கடவுள் வேறு, கடவு வேறு என்று விளக்கிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை. சரி, அந்தப் பேரே வேண்டாம், வீட்டுச்சொல் என்று வைத்துக்கொள்வோம் என்று பலகையில் எழுதினேன். வகுப்பு அதை 'வூட்டுச்சொல்' என்று ஒரே குரலில் படித்தது. நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுப் பாடம் கொடுத்தேன். உங்கள் வீட்டில் யார் ரொம்பத் தூரத்தில் இருக்கிறாரோ, அவரோடு பேசி ஒரு சொல் வைத்துக்கொள்ள வேண்டும். அது உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். எனக்கும் சொல்லக் கூடாது. புது நம்பரிலிருந்து யார் பேசினாலும், தெரிந்த குரலாகவே இருந்தாலும், முகமே தெரிந்தாலும், முதலில் சொல்லைக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் பேச்சு கிடையாது. யாராவது சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

"எங்க வூட்ல யாரும் தூரத்துல இல்ல டீச்சர்" என்றான் கவின். "அப்பா சோளக்காட்டுல இருக்காரு."

"அவரோடயே வெச்சுக்க."

ஷிஃபா கையைத் தூக்கவில்லை. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, ஜாகிர் சவுதியில் ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு யாரோடு வைப்பது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை.

பிறகு நான் அதை மறந்துவிட்டேன். பருவத் தேர்வு வந்தது, பதிவேடுகள் வந்தன. ஒரு நாள் காலை ஷிஃபாவின் அம்மா ரஹ்மத் பள்ளிக்கு வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. மூன்று நாளாக வீட்டுக்காரரிடமிருந்து போன் இல்லை, அவர் நம்பரும் போகவில்லை, அங்கே என்ன ஆனதோ தெரியவில்லை என்று அழுதார். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார்.

"அழாத. மாப்பிள நல்லாத்தான் இருக்காரு. மாடில ஏசி மாட்டுறப்ப போன் கீழ வுழுந்து சில்லாயிடுச்சாம். புது நம்பர்லேர்ந்து மூணு நாளா உனக்குத்தான் அடிச்சிருக்காரு. எவளோ கட் பண்ணி, நம்பரையும் பிளாக் பண்ணிட்டாளாம்!"

மூன்று பேரும் வகுப்பு ஜன்னலைப் பார்த்தோம். இரட்டைப் பின்னல் பெருக்கல் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது.

ஷிஃபாவைக் கூப்பிட்டு விசாரித்ததில் எல்லாம் விளங்கியது. அம்மா துணி காயப்போடப் போயிருந்தபோது போன் வந்திருக்கிறது. தெரியாத நம்பர். "ஷிஃபாக் கண்ணு, அத்தா பேசுறேன்" என்றது குரல். இவள் வூட்டுச்சொல் கேட்டிருக்கிறாள். அவர் "என்ன சொல்லு? அம்மாகிட்ட குடும்மா" என்றிருக்கிறார். இவள் வைத்துவிட்டாள். மறுபடி வந்தது. வீடியோவில் வந்தது. முகம் அத்தா முகம்தான். முகத்தையும் நம்பக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்களே! நம்பரைத் தடுத்துவிட்டாள். அம்மா பயப்படுவார் என்று சொல்லவில்லையாம். சொல்லாமல் இருந்ததுதான் தப்பு என்று அவளிடமே சொன்னேன். சந்தேகமான போன் வந்தால் அந்த நிமிடமே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதை நான் பாடத்தில் சேர்க்காமல் விட்டிருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது. ரஹ்மத் மூன்று நாள் அழுததற்கு நான்தான் காரணம் என்று எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே அம்மாவும் அப்பாவும் பேசிவிட்டார்கள். பேசுவது அத்தாதான் என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை, ஷிஃபாவுக்கும் இல்லை. ஆனால் போனை அவளிடம் கொடுத்தால் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "வூட்டுச்சொல் என்ன?" அவருக்குத் தெரியவில்லை. அவள் போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

இது பாதுகாப்பு இல்லை, கோபம் என்று எனக்குப் புரிந்தது. விசாரித்தேன். வீட்டுப் பாடம் கொடுத்த அன்றே அவள் அத்தாவுக்குப் போன் செய்து, சொல்லைச் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அவர் வேலைக்குப் போகும் வேனில் இருந்திருக்கிறார். "சரிம்மா, சரிம்மா" என்றிருக்கிறார்.

"ரெண்டு தடவ சரின்னாங்க டீச்சர்" என்றாள் ஷிஃபா.

அடுத்த நாள் இடைவேளையில் என் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நான் ஷிஃபா அத்தா ஜாகிர் பேசுறேன்."

"நீங்க ஜாகிர்தான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம்.

அவர் வெடித்தார். "ஏன் டீச்சர், எம்மவதான் என்னைய யாருங்கிறா, நீங்களுமா? புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கச் சொன்னா, தவப்பன் யாருன்னே தெரியாம ஆக்கிட்டீங்களே!" எனக்குக் கோபம் வருவது எளிது, ஆனால் எதிரே நியாயம் இருக்கும்போது வராது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. "முன்னயும் எங்கிட்ட ரொம்பல்லாம் பேச மாட்டா டீச்சர். சாப்ட்டேன், படிச்சேன், அம்மாகிட்ட தரேன். இந்த மூணுதான். இப்ப அதுவும் இல்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா. விட்டுடும்மான்னு சொல்லுங்களேன்."

சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் டீச்சர் சொன்னால் போதும், சொல் தேவையில்லை என்று ஆகிவிட்டால், நாளைக்கு என் குரலில் யாராவது பேசினால் என்ன ஆகும்? நான் போட்ட விதியை நானே மீறினால் முப்பத்திரண்டு பேரும் பார்ப்பார்கள். மீறாவிட்டால் ஒரு தகப்பன் மகளோடு பேச முடியாமல் தவிப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குள் ரஹ்மத்தின் அண்ணன், தகப்பனையும் மகளையும் தலைமையாசிரியை பிரித்துவிட்டார் என்று மேலே ஒரு மனு கொடுத்துவிட்டார். விசாரிக்க வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். தனபால் சார் என்று பேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற அதிகாரிகள் ஜீப்பிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவர்கள் சத்தம் இறங்கிவிடும். இவர் தோளில் துணிப்பையோடு நடந்து வருவார். ஆபீஸ் ரூமுக்கு வர மாட்டார். முதலில் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்ப்பார். அப்புறம் சத்துணவுக் கூடத்தில் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். அப்புறம் வகுப்பில் ஏதாவது ஒரு பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவில், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவ்வளவு மெதுவாகப் பேசுவார் என்பதால் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். யாரையும் தப்பு என்று சொல்ல மாட்டார். "இன்னொரு தடவ பாப்பமா?" என்பார். அதைக் கேட்டுத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம்.

அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. எங்கள் துறையில் எதைப் பதிவு செய்தாலும் போனுக்கு ஓடிபி வரும். வருகைப் பதிவுக்கு ஒன்று, சத்துணவுக்கு ஒன்று, செருப்பு வந்ததற்கு ஒன்று. ஆபீசில் இருக்கும் கிளார்க் போன் செய்து கேட்பார். இவர் எங்கே இருந்தாலும், போன் சரியாகக் கேட்காதோ என்று, அப்போது மட்டும் உரக்கப் படிப்பார்.

அன்று ஷிஃபாவின் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். "பேரு என்னம்மா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்ததும் சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டார். முதலிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் துணிப்பையிலிருந்து டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். முடிவில் டைரியை மூடிவிட்டு, தொண்டையைச் செருமி, "ஆனாலும் அத்தா பெரியவர் இல்லையாம்மா" என்று தொடங்கினார். அப்போது அவர் போன் அடித்தது.

"ஆமாம்ப்பா, வந்திருக்கு. எழுதிக்கிறியா? நாலு... ஏழு..."

"சொல்லாதீங்க சாஆஆஆர்!"

முப்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்று கத்தினார்கள். கவின் பெஞ்ச் மேலேயே ஏறிவிட்டான். தனபால் சார் போனைக் காதில் வைத்தபடி உறைந்துபோனார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் போனில், "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று சொல்லி வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஷிஃபாவிடம் திரும்பினார். "ரூல் ரூல்தான். நான் மாத்தச் சொல்ல மாட்டேன். ஆனா எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் இருக்குல்ல, அதுல பாஸ்வேர்டு மறந்துட்டா மூணு தடவ போட்டுப் பாக்கலாம். மூணும் தப்புன்னா அன்னிக்குப் பூட்டிக்கும். மறுநாள் மறுபடி தொறக்கும். அத்தாவுக்கும் அந்த மாதிரி தினம் மூணு வாய்ப்புக் குடேன்."

ஷிஃபா நெடுநேரம் யோசித்தாள். "சரிங்க சார். ஆனா க்ளூ குடுக்க மாட்டேன்."

"குடுக்கவே கூடாது" என்றார் சார், ரொம்பத் தீவிரமாக. ஊகித்துப் பார்க்க விடுவது பாதுகாப்புக்குச் சரியா என்று இளம் ஆசிரியைகள் கேட்பீர்கள். சரியில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டு அவள் வீட்டுக்குப் போகும் நேரமும், அங்கே ஜாகிரின் மதியச் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக அமைந்தது. அவர் போன் செய்வார். மூன்று சொல் சொல்வார். அவள் மூன்று முறை "தப்பு" என்பாள். போன் பூட்டிக்கொள்ளும். காலையில் முழு வகுப்பும் அவளைச் சூழ்ந்துகொள்ளும். "நேத்து என்ன சொன்னாங்க?"

முதல் நாள் பிரியாணி, மெஹந்தி, பொம்மை. "எல்லாப் பொண்ணுக்கும் சொல்ற மாதிரி சொல்றாங்க" என்று அலுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அவர் கொஞ்சம் யோசித்து வந்திருந்தார். அவளுக்கு முதல் பல் விழுந்ததைச் சொன்னார், அதை எறும்பு இழுத்துக்கொண்டு போனதையும். அது எனக்கு ஞாபகமே இல்லையே டீச்சர் என்று அவளே வியந்தாள். மூன்றாம் நாள், அவள் பிறந்தபோது வைக்க நினைத்து வைக்காமல் விட்ட பேர். நான்காம் நாள், தறிகெட்டு ஓடிய சைக்கிளும் அது போய் விழுந்த சாக்கடையும். ஒவ்வொரு சொல்லையும் சொல்ல அவருக்கு ஒரு கதை தேவைப்பட்டது. வெறும் சொல்லாகச் சொன்னால், "எந்தச் சைக்கிள்?" என்று இவள் கேட்டுவிடுவாளாம். கேட்காமல் எப்படித் தப்பு என்று சொல்வது? இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஐந்தாம் நாள் கதையைச் சொல்ல அவளால் முடியவே இல்லை, அவ்வளவு சிரிப்பு. போன தடவை லீவில் வந்தபோது அத்தா அவளை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு பைக்கில் கூட்டிப்போயிருக்கிறார். சவுதியில் வாங்கிய கூலிங் கிளாஸ் ஒன்று, ஊரில் யாரிடமும் இல்லாதது, மூக்கில். மதில் மேல் நின்று கையை இடுப்பில் வைத்துப் போட்டோவுக்கு நின்ற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரங்கு அதைப் பிடுங்கிக்கொண்டு போய், எட்டாத உயரத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டது. அத்தா வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். இவளுக்கு விக்கல் வரும்வரை சிரிப்பாம். அத்தா நேற்றுச் சொன்ன சொல் 'கொரங்குக் கண்ணாடி'. வகுப்பே உருண்டது.

"அதுதானே வூட்டுச்சொல்லு?" என்றான் கவின்.

"தப்பு" என்றாள் ஷிஃபா. சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னாள். நான் அப்போது பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு அப்புறம் மூன்று வாரத்துக்கு மேல் நடந்தது. ரஹ்மத் ஒருமுறை பள்ளிக்கு வந்து, "எங்கிட்ட ரெண்டு நிமிசம்தான் டீச்சர். மவகிட்ட முக்கா மணி நேரம். சோறு ஆறிப்போவுதுன்னு அங்க கூட இருக்கவங்க சத்தம் போடுறாங்களாம்" என்று குறைப்பட்டுக்கொண்டார். குறை மாதிரி தெரியவில்லை. ஒரு நாள் ஷிஃபா வந்து, முடிந்தது, அத்தா சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்றாள். வகுப்பு கைதட்டியது. சொல் என்ன என்று அவள் சொல்லவில்லை. விதிப்படி நானும் கேட்கவில்லை. மனுவும் தானாக மூடிக்கொண்டது.

அந்த வருடக் கடைசியில் எனக்குப் பணி நிறைவு விழா. பொன்னாடைகளும் குத்துவிளக்கும் மூன்று சுவர்க் கடிகாரங்களும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லீவில் வந்திருந்த ஜாகிர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உயரமான மனிதர், நல்ல சிரிப்பு. மூக்கில் புதுக் கூலிங் கிளாஸ்.

"படுத்தி எடுத்துட்டீங்க டீச்சர். பொறந்ததுலேர்ந்து நடந்தது அத்தனையும் சொல்லிப் பாத்தேன். கடைசில ஒரு நாளு நெசமாவே ஒண்ணும் தோணல. அழுகையா வந்துருச்சு. 'தெரியலம்மா'ன்னேன். உடனே, 'அதான் அத்தா சொல்லு, கண்டுபுடிச்சிட்டீங்க'ங்கிறா! 'தெரியலம்மா'ன்னு யாராவது வூட்டுச்சொல் வெப்பாங்களா? இது எப்படி டீச்சர் எனக்குத் தோணும்?"

நல்ல சொல்தான், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று பாராட்டினேன். அவர் சந்தோஷமாகக் காப்பி வாங்கப் போனார். ஷிஃபா என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பொன்னாடையின் சரிகையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணு சொன்னாத் திட்டுவீங்களா டீச்சர்?"

"இன்னியோட ரிட்டையர்டு. திட்ட முடியாது."

"அத்தா அஞ்சாவது நாளே சொல்லிட்டாங்க. கொரங்குக் கண்ணாடி. அதுதான் நான் வெச்ச சொல்லு."

"அப்ப ஏன் தப்புன்ன?"

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, யாராவது கண்டுபுடிச்சிட்டா அன்னிக்கே மாத்திடணும்னு. மாத்திட்டேன். அப்புறம் அவங்க வேற கதை சொன்னாங்களா, நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு அழுதாங்களா, பாவமாப் போயிடுச்சு. அதான் சரின்னுட்டேன்."

முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் பொய் சொல்லி என்னிடம் மாட்டியிருக்கிறார்கள். ஒருவரையும் நான் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்த்தவர்கள் பணி நிறைவுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜாகிர் இரண்டு கையிலும் காப்பி டம்ளரோடு கூட்டத்தில் வழி கேட்டுக்கொண்டு வருவது தெரிந்தது. ஷிஃபா என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழம அத்தா திரும்பப் போறாங்க டீச்சர். புதுசா ஒண்ணு வெச்சுட்டேன். இந்தத் தடவ ரொம்பக் கஷ்டமானது."